பரீட்சை முடியட்டும்

கவிதை எழுதித் திரிந்தவளுக்கு ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா நாங்கள் குடியிருந்த மல்வேர்ன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த குளிர்காலத்தில் நான் ஒஷாவாவில் ஒரு கல்லூரிக்குப் படிப்பிக்கப் போகத் தொடங்கினேன். "கொலிஜ்ஜிலை லெக்சரர்" என்பது அம்மாவின் வசனம். தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போதும் பக்கத்தில் நிற்பவரிடம் அதைச் சொல்லிவிடுவார். அது ஒரு தவணைக்கு மட்டுமான ஒப்பந்தம் என்பதோ, எனக்கென்று ஒரு மேசைகூட அங்கே இல்லை என்பதோ, அடுத்த தவணைக்குக் கூப்பிடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது என்பதோ அந்த வசனத்தில் வராது. நானும் திருத்தவில்லை. முப்பது வயதில் முதல் தடவையாக என்னைப் பற்றி வெளியில் சொல்ல அம்மாவுக்கு ஏதோ ஒன்று கிடைத்திருந்தது.

அதற்கு முந்திய வருடம் என் கவிதைத் தொகுப்பு வெளிவந்திருந்தது. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் வெளியீடு. பேச வந்தவர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்து முடித்து என்னை மேடைக்கு அழைத்தபோது, சனம் ரோல்ஸ் சாப்பிட எழும்பிப் போய்விட்டது. ஆனாலும் நான் என்னைக் கவிஞர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி என்றதும் இலக்கியம் படிப்பிக்கலாம், நல்ல வரிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மணிக்கணக்காகக் கதைக்கலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். கிடைத்தது வியாபாரக் கடிதம் எழுதுவது எப்படி என்ற பாடம். விண்ணப்பக் கடிதம், முறைப்பாட்டுக் கடிதம், மன்னிப்புக் கடிதம். எந்தத் துறையில் படிப்பவரும் இந்தப் பாடத்தில் சித்தியடைந்தே ஆகவேண்டும் என்பது கல்லூரியின் விதி.

மல்வேர்னில் ஒரு பஸ், பிறகு இன்னொன்று, பிறகு நெடுஞ்சாலையில் ஓடும் பெரிய பஸ். ஜன்னலுக்கு வெளியே களஞ்சியக் கட்டடங்களும் உப்புப் படிந்த பனியும் தவிர வேறொன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் படிப்பிப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கல்லூரியில் ஒரு அறை இருந்தது. அதில் ஒரு நீள மேசை, ஒரு மைக்ரோவேவ், யாரோ விட்டுப்போன குடைகள். வகுப்பில் பாதிப் பேர் இரவு வேலை முடித்து நேரே வந்தவர்கள். சிலர் ஜாக்கெட்டைக் கழற்றாமலே தூங்கினார்கள். முதல் மாதம் எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. பிறகு கோபம் வேறு இடங்களுக்கு மாறியது, ஆனால் குறையவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஒரு கவிதைகூட எழுதவில்லை.

வகுப்பில் ஒரே ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். சுவரோரம் ஹீற்றருக்குப் பக்கத்தில் உட்காருவாள். முதல் நாள் எல்லோரும் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு, களவாக ஏதோ கேட்பவளைப் போலக் குரலைத் தாழ்த்தி, "மிஸ், நீங்கள் தமிழோ?" என்றாள். ஓம் என்றதும் அவளுடைய தோள் இரண்டும் கீழே இறங்கின. மன்னாரிலிருந்து படிக்க வந்தவள். மல்வேர்னில் சித்தப்பா வீட்டின் பேஸ்மென்டில் இருந்தாள். வார இறுதிகளில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்தாள்.

அவளுடைய ஆங்கிலம் பேச்சில் மோசமில்லை, எழுத்தில்தான் தடுமாறினாள். எந்தக் கடிதத்தை எழுதச் சொன்னாலும் முதலில் சுகம் விசாரிப்பாள். பழுதான குளிர்சாதனப் பெட்டிக்காகக் கம்பனிக்கு முறைப்பாடு எழுதச் சொன்னால், மேலாளரும் அவருடைய குடும்பத்தாரும் இறைவன் அருளால் நலமாக இருப்பார்கள் என்று நம்புவதாகத் தொடங்குவாள். நான் சிவப்புப் பேனையால் வெட்டுவேன். அவள் சிரிப்பாள். "முகத்திலை அடிச்ச மாதிரி எப்பிடி மிஸ் தொடங்குறது?" என்பாள். அடுத்த கடிதத்தில் மேலாளரின் குடும்பம் திரும்பவும் நலமாக இருக்கும்.

சிரிக்கக்கூடிய நிலைமையில் அவள் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. எனக்கு முந்திய தவணையில் இதே பாடத்தில் அவள் தவறியிருந்தாள். இரண்டாம் தடவையும் தவறினால் கற்கைநெறியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். நீக்கினால் படிப்பு விசாவுக்கு ஆதாரம் இல்லை. அதன்பிறகு பெட்டியைக் கட்டவேண்டியதுதான். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வகுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் தனக்குச் சொல்லித்தர முடியுமா என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு வகுப்பு நாட்களில் ஒரு பஸ் முந்திப் போய், அந்தப் பொது அறையில் அவளுடைய கடிதங்களைத் திருத்தினேன். எனக்கு எரிச்சல் வராத நேரம் அந்த வேலையில் அது ஒன்றுதான்.

அவளுடைய அப்பா மன்னாரில் அரசாங்க பஸ் சாரதி. ஒவ்வொரு நாளும் பஸ் தரித்து நிற்கும் இடைவெளியில் அவளுக்குக் குரல்செய்தி அனுப்புவார். ஒருதடவை எனக்கும் போட்டுக் காட்டினாள். என்ஜின் இரைச்சல், யாரோ சில்லறை கேட்கும் சத்தம், அதற்கு நடுவே, "மகள், சாப்பிட்டியோ? படிச்சனியோ? அப்பா இப்ப பஸ்ஸை எடுக்கப்போறன், வைக்கட்டே?" அவ்வளவுதான். தினமும் இதைத்தான் சொல்வார் என்றாள். அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தக் குரல் மட்டும்.

ஏப்ரலில், இறுதிப் பரீட்சை நடக்கும் கிழமையில், அவளுடைய சித்தப்பா எனக்குத் தொலைபேசி எடுத்தார். தேவாலய மண்டபத்தில் நடந்த ஒரு நினைவுக் கூட்டத்தில் நான் கவிதை வாசித்ததைக் கேட்டவர். அவருடைய குரல் கரகரத்திருந்தது.

"பிள்ளை, ஒரு உதவி. நினைவு அட்டை ஒண்டு அடிக்கப்போறம். உங்கடை கையாலை எட்டு வரி எழுதித் தரவேணும். வாசிக்கிற சனத்துக்குக் கண்ணீர் வரவேணும்."

"ஆருக்கு அங்கிள்?"

"என்ரை அண்ணருக்கு. நெஞ்சு வலி எண்டு சொன்னவராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் முடிஞ்சுது. உங்கடை வகுப்பிலை படிக்கிறாவே, அவவின்ரை தேப்பன்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருப்பேன்.

"அவளுக்குச் சொல்லேல்லை. வெள்ளிக்கிழமை உங்கடை சோதினையெல்லே. அது முடியட்டும், சொல்லுவம். காய்ச்சல் எண்டு ஆஸ்பத்திரியிலை மறிச்சிருக்கினம், அங்கை ஃபோன் வைச்சிருக்க விடமாட்டினம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். அங்கையும் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், ஒருத்தரும் ஃபேஸ்புக்கிலை போடக்கூடாது, அவள் எடுத்தால் ஆரும் தூக்கக்கூடாது. நீங்களும் முகத்திலை காட்டிப்போடாதேங்கோ, பிள்ளை."

"அடக்கம் எப்ப அங்கிள்?"

"வெள்ளிக்கிழமை. இஞ்சை விடியிறதுக்கு முதல் முடிஞ்சிடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் அவளைப் பரீட்சைக்கு அனுப்பப்போகிறீர்களா என்று கேட்டேன். கேட்ட விதம் மரியாதையாக இருந்திருக்காது. அவர் கோபிக்கவில்லை.

"நான் மட்டும் விரும்பியோ செய்யிறன்? என்ரை சொந்தத் தமையனுக்கு அழ வழியில்லாமல் கராஜுக்குப் போய்க் காருக்குள்ளை இருந்து அழுதுபோட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவளோடை இருந்து சாப்பிடுறன். அவள் பாஸ் பண்ணாட்டி என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. அண்ணர் இனி வரமாட்டார் பிள்ளை. இந்தச் சோதினையும் திரும்பி வராது."

கவிதைக்கு உதவும் என்று, செத்தவீட்டை நேரலையாகக் காட்டும் இணைப்பையும் அனுப்பிவைத்தார்.

எங்கள் ஆட்களிடம் இது புதிய வழக்கம் அல்ல. பரீட்சை மண்டபத்திலிருந்து சிரித்துக்கொண்டு வெளியே வந்து, வாசலில் மாமாக்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்களின் கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அதைக் குற்றமாக யாரும் சொல்வதில்லை. பிள்ளையின் படிப்பு கெடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று மெச்சித்தான் சொல்வார்கள். அம்மாவிடம் சொன்னபோது அவரும் சித்தப்பாவின் பக்கம்தான்.

"அந்த மனுசன் சொல்லுறது சரி. நீ உன்ரை வாயைப் பொத்திக்கொண்டு இரு. உனக்கேன் ஊர்த் துழாவாரம்?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு மனிதர் இறந்திருக்கிறார், அவருடைய மகள் அவருக்குக் காய்ச்சல் மாறவேண்டும் என்று செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதைவிடக் கேவலம் உண்டா என்று அம்மாவிடம் கத்தினேன். என் கவிதைகளில் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சாகவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை கடைசி வகுப்பு. அன்றைய பாடத்தை நான் தெரிந்தெடுக்கவில்லை, அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. கெட்ட செய்தியை அறிவிக்கும் கடிதம். கெட்ட செய்தியை எடுத்த எடுப்பில் சொல்லக்கூடாது என்கிறது பாடநூல். முதலில் மெத்தை போல ஒரு பந்தி, பிறகு காரணங்கள், அவற்றுக்கு நடுவே செய்தி, கடைசியில் நல்லெண்ணத்துடன் ஒரு வசனம். நாளைய பரீட்சையில் இது கட்டாயம் வரும் என்று சொன்னதும் தூங்கியவர்களும் எழும்பினார்கள். அவள் கரும்பலகையில் இருந்ததை இரண்டு நிறப் பேனைகளால் எழுதிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய பக்கம் பார்க்காமல் பாடத்தை முடித்தேன்.

வகுப்பு கலைந்தபின் வழமைபோல என்னிடம் வந்தாள்.

"மிஸ், இண்டைக்குப் படிப்பிச்சது எனக்கு வடிவா விளங்கிட்டுது. இந்த முறை பாஸ் பண்ணுவன் போலை கிடக்கு. அப்பாவுக்குக் காய்ச்சலாம், ஆஸ்பத்திரியிலை மறிச்சிருக்கினமாம். நாளைக்குச் சோதினை முடிய எடுத்துக் கதைக்கலாம் எண்டு சித்தப்பா சொன்னவர். எடுத்த உடனை, பாஸ் எண்டு சொல்லப்போறன். அவருக்கு உடனை காய்ச்சல் மாறிடும்."

நாளைக்கு அவள் பேனையை மூடி வைக்கும்போது அவர் மண்ணுக்குள் போய் நேரமாகியிருக்கும். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பொது அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்லவேளையாக அங்கே யாரும் இல்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன். நான் படிப்பித்த மெத்தைப் பந்தி ஒன்றும் வாயில் வரவில்லை.

"அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. அப்பா மோசம் போயிட்டார்."

அவள் என்னுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"சித்திக்கு?"

"ஓம்."

"தம்பிக்கும் அம்மாவுக்கும் தெரியுந்தானே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது," என்றாள்.

மடிக்கணினியைத் திறந்து சித்தப்பா அனுப்பிய இணைப்பைப் போட்டேன். அங்கே இரவு. முற்றத்தில் பந்தல், குழல்விளக்கு வெளிச்சம், பிளாஸ்டிக் கதிரைகளில் ஆட்கள். நடுவே பெட்டி. தலைமாட்டில் சிலுவையும் மெழுகுதிரிகளும். கமரா மேலே எங்கோ கட்டியிருந்ததால் அவருடைய முகம் சிறியதாகத்தான் தெரிந்தது. நான் அவரை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். மீசை வைத்த, ஒடுங்கிய முகம். அவள் திரைக்கு மிகக் கிட்டப் போனாள். சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய உதடுகள் அதனோடு சேர்ந்து அசைந்தன. பெட்டிக்கு அருகே தலையில் சேலைத் தலைப்பைப் போட்டபடி இருந்தவர் அவளுடைய அம்மா. பக்கத்தில் நின்றவன் தம்பி.

திடீரென்று தன் ஃபோனை எடுத்து அம்மாவின் இலக்கத்தை அழுத்தினாள். நான் தடுக்கவில்லை. தடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அழுதால் அம்மாவோடு சேர்ந்து அழட்டும் என்றுதான் நினைத்தேன்.

மணி போய்க்கொண்டிருந்தது. திரையில் ஒன்றும் மாறவில்லை. கொஞ்சம் பிந்தி, அம்மா மடியைக் குனிந்து பார்த்தார். ஃபோனைக் கையில் எடுத்தார். அதில் வந்த பெயரைப் பார்த்ததும் அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினார். சுற்றியிருந்தவர்கள் பதறினார்கள். தம்பி குனிந்து அம்மாவின் விரல்களை விலக்கி ஃபோனை எடுத்தான். அதைப் பார்த்தான். ஒரு பெரியவர் அவனுக்குக் கையால் சைகை காட்டினார். அவன் பொத்தானை அழுத்தி அதை நிறுத்திக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். நேரலை கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்பதால், எங்கள் அறையில் மணிச்சத்தம் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

அவள் திரும்ப எடுக்கவில்லை. யாரோ ஒரு விரிவுரையாளர் சாப்பாட்டுப் பெட்டியோடு உள்ளே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போனார். நான் அவளுடைய முதுகில் கைவைத்தேன். முதுகு கட்டைபோல விறைத்திருந்தது. அவள் அழவேயில்லை. பஸ்ஸில் மல்வேர்ன் வரையும் என்னோடு வந்தாள். இறங்கும்போது ஒன்றைத்தான் கேட்டாள்.

"எனக்குத் தெரியும் எண்டு சித்தப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, மிஸ். பாவம், அந்த மனுசன் எவ்வளவு பாடுபடுது."

அடுத்த நாள் அவள் பரீட்சைக்கு வந்தாள். ஹீற்றருக்குப் பக்கத்திலேயே இருந்தாள். வினாத்தாளைத் திருப்பினாள், எழுதினாள், நிறுத்தினாள், திரும்ப எழுதினாள். நான் மேற்பார்வைக்கு நடக்கும்போது அவளுடைய தாளை எட்டிப் பார்த்தேன். கெட்ட செய்திக் கடிதத்துக்கான பக்கத்தில் பெறுநரின் விலாசம் மட்டும் இருந்தது. மிச்ச நேரம் முழுக்க அவள் அந்தப் பக்கத்துக்கு முன்னாலேயே இருந்தாள். மற்றக் கேள்விகளுக்குத் திரும்பிப் போகவில்லை.

முடிந்ததும் ஜன்னலால் பார்த்தேன். கார் தரிப்பிடத்தில் சித்தப்பா வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு காத்து நின்றார். அவள் நடந்து போனாள். அவர் இரண்டு கைகளையும் நீட்டி ஏதோ சொன்னார். சொல்லி முடிக்குமுன் அவள் அவருடைய தோளில் விழுந்து கதறினாள். மூன்றாம் மாடியில் பூட்டிய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. அவரும் அழுதார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கே வைத்துத்தான் அவருக்கு வெளியே வந்தது. அவளுடைய அழுகையில் நடிப்பு இல்லை. என்னோடு அழாத அழுகையை அவள் அவரோடு அழுதாள்.

அந்தப் பரீட்சைத் தாள்களை நாங்கள் மாற்றி மாற்றித் திருத்துவது வழக்கம். அவளுடைய தாள் வேறொருவரிடம் போனது. நிலைமையைச் சொல்லி இன்னொரு பரீட்சை கேட்கலாம் என்று நான் சொன்னேன். பரீட்சைக்கு முன்னமே தெரியும் என்று எழுதிக் கொடுக்கவேண்டி வரும், அது சித்தப்பாவின் கண்ணில் படும் என்று அவள் மறுத்துவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. தவறிவிட்டாள்.

முடிவு வருவதற்கு முன் சித்தப்பா எனக்கு நன்றி சொல்ல எடுத்தார். நான் எழுதிக் கொடுத்த எட்டு வரிகளும் அட்டையில் வடிவாக வந்திருக்கிறதாம், வாசித்த சனமெல்லாம் அழுததாம். "நல்ல காலம் பிள்ளை, முதலே சொல்லாமல் விட்டது. சொல்லியிருந்தா அவள் சோதினைப் பக்கமே போயிருக்கமாட்டாள்," என்றார். ஓம் அங்கிள் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.

அடுத்த தவணைக்குக் கல்லூரி என்னைக் கூப்பிடவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது, வகுப்புகளும் குறைந்துவிட்டன என்றார்கள். அம்மா கடையில் என்னைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திக்கொண்டார். அவளைக் கோடையில் ஒருநாள் மல்வேர்னில் பஸ் தரிப்பில் கண்டேன். பேக்கரித் தொப்பி பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கல்லூரி அவளை நீக்கிவிட்டது. வேறொரு கல்லூரியில் சேர முயற்சி செய்கிறாள், விசாவுக்கு ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறார்கள், இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. மெலிந்துபோயிருந்தாள். பழையபடி என்னை மிஸ் என்றாள்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் அண்டைக்குச் சொன்னது பிழையெண்டு நினைக்கிறீங்களோ?"

அவள் வீதியைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். மழுப்பவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை.

"அப்பான்ரை முகத்தைப் பாத்தனான், அது சரி. ஆனா தம்பி ஃபோனை நிப்பாட்டினதையும் பாத்தனான், மிஸ். கண்ணை மூடினா அதுதான் முதல் வருது, அப்பா பிறகுதான் வாறார்."

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அம்மாவுக்கும் சுகமில்லை. அவவுக்கு ஏதும் நடந்தா, விசா, படிப்பு எல்லாம் முடிஞ்சாப் பிறகு எனக்குச் சொன்னாக் காணும் எண்டு சித்தப்பாட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். உங்களுக்குத் தெரிய வந்தாலும், சொல்லிப்போடாதேங்கோ."